ஒன்பதாம் எண் குடுவை

மார்ச் 4

அக்காவுக்கு,

முதலில் மானம் போன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். மூன்று வாரமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துப் பார்த்து நான் நோட்டில் வரைந்து வைத்தது செல் இல்லை. என் கண்ணிமை மயிர்.

கறுப்பாக, வளைவாக, நுனியில் மெலிந்து வரிசையாக நின்றன. நான் கண்ணைக் கொட்டினால் அவையும் அசைந்தன. உயிர் இருப்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பக்கத்தில் 'நல்ல அசைவு' என்று குறிப்பு வேறு எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். நேற்று பயிற்சியாளர் அம்மா நோட்டைப் புரட்டிவிட்டு, "இது என்ன?" என்றாள்.

"செல்லுங்க மேடம்."

"எந்த மிருகத்தோடது?"

வகுப்பில் பன்னிரண்டு பேர். மற்ற பதினோரு பேருக்கும் என் வயதில் பாதி. அவர்கள் சிரித்து முடிக்கிற வரைக்கும் அந்த அம்மா காத்திருந்தாள். நானும் கூடச் சிரித்துவைத்தேன். நாற்பத்தெட்டு வயதில் வேறு என்ன செய்வது?

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் 'ம்' என்கிறாய், வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் நீ முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் வருகைப் பதிவேடு எழுதினவள், காகிதம் என்று ஒன்று கைக்கு வந்தால் துளை போட்டுக் கோப்பில் கோத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாய். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

ஜனவரியில் அப்பாவை உன் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினேன் என்று நீ கோபமாக இருக்கிறாய். கட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். பெட்டியைத் தூக்கும்போது அப்பா கட்டிலில் படுத்தபடி சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். "போகட்டும் விடு. இதுவரைக்கும் எதை முடிச்சிருக்கா, இதை முடிக்க?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தட்டச்சு வகுப்பில் பாதி. நீச்சலில் பாதி, இன்றைக்கும் குளத்தின் நடுவரைக்கும்தான் எனக்கு நீச்சல் தெரியும். ஸ்வெட்டரில் ஒரு கை. கல்யாணத்தில் ஒன்றரை வருஷம். சோப்பு ஃபாக்டரியில் மட்டும் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். அதையும் நான் முடிக்கவில்லை, அவர்களே பூட்டிவிட்டார்கள். இந்த லேப் டெக்னீஷியன் படிப்பு ஒன்பது மாதம். வயது வரம்பு இல்லை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். போட்டவர்கள் என்னை எதிர்பார்த்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

முதல் மாதம் முழுக்கத் தண்ணீர்தான். பைப்பெட் என்று ஒரு கருவி, சிரிஞ்சுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. கட்டைவிரலால் அமுக்கி விட்டால் சொன்ன அளவு உறிஞ்சும், மறுபடி அமுக்கினால் துப்பும். உறிஞ்சு, துப்பு, தராசில் வை, எழுது. ஒரு நாளைக்கு நானூறு தடவை. வலது கட்டைவிரல் மரத்துப்போயிருக்கிறது. காலையில் டீ டம்ளர் சுடுவதே தெரியவில்லை. ஒரு விதத்தில் சௌகரியம்.

பயிற்சியாளர் அம்மாவுக்கு 'மைனஸ் எண்பது' என்று பேர். மாதிரிகளைப் பத்திரப்படுத்த இங்கே ஒரு ஃப்ரீசர் இருக்கிறது, பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரி. அதைத் திறந்தால் அடிக்கிற காற்றும் இவள் வகுப்புக்குள் நுழைந்தால் அடிக்கிற காற்றும் ஒன்றுதான். பேர் வைத்தது யார் என்று வெளியே தெரியாது, நீயும் சொல்லிவிடாதே.

அவள் கற்றுக்கொடுத்ததில் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. நோட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. வெள்ளை பூசக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு. கீழே எழுதியிருந்தது வாசிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டு, சுருக்கமாக ஒரு கையெழுத்து. என் கண்ணிமைகள் இப்போது அப்படித்தான் இருக்கின்றன, கோட்டுக்குக் கீழே, நல்ல அசைவோடு.

அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டு. கண்ணிமை விஷயத்தை விட்டுவிடாதே.

சின்னவள்


மார்ச் 15

உன் கடிதம் வந்தது. கோப்பில் போட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணிமையையும் விடவில்லை. சிரிக்கவில்லை. "அங்கேயும் சிரிப்பாய்த்தான் இருக்காளா" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிக்கொண்டார் என்று எழுதுவது தவறு. திருப்பிவிட்டேன்.

நடப்பது நின்று பத்து நாள் ஆகிறது. டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். நான் ஒருத்திதான் புரட்டுகிறேன். என் கட்டைவிரல் மரத்துப்போகவில்லை. தோள்பட்டை வலிக்கிறது, நன்றாகத் தெரிகிறது.

அவர் கஞ்சி குடிக்கிற அளவு குறைந்துவிட்டது. துணி மாற்றுவது கூடிவிட்டது. மாடியில் கொடி போதவில்லை, இன்னொன்று கட்டியிருக்கிறேன்.

உன் நிறுவனத்தில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு என்று நினைக்கிறேன். ஏழு மணி நேரப் பயணம். ஒரு ஞாயிறு வந்துவிட்டுப் போ. பேச வேண்டாம். வந்து ஒரு பக்கம் பிடித்தால் போதும்.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

பதில் எழுதப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. காரணம் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குடுவை. அதற்குள் ரோஜா நிறத்தில் ஒரு திரவம். அதற்கு மீடியம் என்று பேர், செல்லுக்கு அதுதான் சாப்பாடு. அதில் மிதந்து வளர்கிற எலி செல். போன திங்கட்கிழமை மைனஸ் எண்பது ஆளுக்கு ஒரு குடுவை கொடுத்தாள், வெளியே எண் மட்டும் எழுதி. என்னுடையது ஒன்பது. இருபத்தொரு நாள் அதை உயிரோடு வளர்க்க வேண்டும். தினமும் ஒரு சொட்டு எடுத்து, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, கட்டத்துக்குள் எத்தனை செல் என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் மீடியம் மாற்ற வேண்டும். படிப்பில் பாதி மதிப்பெண் இதற்குத்தான்.

ஒரு நாள் தவறினாலும் போச்சு, அடுத்த வருஷம் வருகிறவர்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான் என்று குதிரைவால் சொன்னாள். குதிரைவால் என்பது என் பக்கத்து மேஜைப் பெண். இருபத்தொரு வயது, கொண்டை போட்டுத் தொப்பிக்குள் செருகு என்று தினமும் திட்டு வாங்குகிறவள். ஊர் வம்பு முழுக்க அவளிடம் கிடைக்கும். மைனஸ் எண்பதின் புருஷன் வீட்டில் பாட்டுப் பாடுகிற ஆளாம், அதனால்தான் அந்த அம்மா லேபிலேயே இருக்கிறாளாம்.

குடுவையைத் திறப்பதற்கு ஒரு சடங்கே உண்டு. காற்றை வடிகட்டி அனுப்புகிற கண்ணாடிப் பெட்டிக்குள்தான் திறக்க வேண்டும். அதற்கு முன்னால் கையுறை, கையுறையின் மேல் ஆல்கஹால், குடுவையின் மேல் ஆல்கஹால், மேஜையின் மேல் ஆல்கஹால். மூச்சு படாமல் பேச வேண்டும், பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது. நான் ஐம்பது நிமிடம் தொடர்ந்து பேசாமல் இருக்கிறேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

என் குடுவை நன்றாக வளர்கிறது. முதல் நாள் நாற்பத்தொன்று. அப்புறம் நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, நேற்று நாற்பத்தாறு. குதிரைவாலுடையது ஒரே நாளில் இரண்டு மடங்காகிறது. கட்டுப்பாடு இல்லாத பிள்ளைகள். அவள் குடுவையில் திரவமே மஞ்சளாகிவிட்டது. எல்லோருடையதும் ஆரஞ்சு, மஞ்சள் என்று அழுக்காகிக்கொண்டே போகிறது. என்னுடையது மட்டும் கொடுத்த அன்றைக்கு இருந்த அதே ரோஜா. "உங்களோடது மட்டும் எப்படி ஆன்ட்டி கலரே மாறல?" என்று குதிரைவால் கேட்டாள். "கை சுத்தம்மா, கை சுத்தம்" என்றேன். இருபத்திரண்டு வருஷம் சோப்பு ஃபாக்டரியில் சும்மாவா இருந்தேன்.

கண்ணாடி போட்டால் மைக்ராஸ்கோப்பில் இடிக்கிறது, கழற்றினால் மங்கலாகத் தெரிகிறது. கழற்றிவிட்டுத்தான் பார்க்கிறேன். இந்தத் தடவை கண்ணிமை இல்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமையும் குடுவைக்கு லீவு கிடையாது. ஏப்ரல் பன்னிரண்டோடு முடிகிறது. பதிமூன்றாம் தேதி காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். ஒரு வாரம் இருப்பேன். இரண்டு பக்கமும் நானே பிடிக்கிறேன், நீ தூங்கு. அப்பாவிடம் சொல், ஒன்றை முடித்துவிட்டு வருகிறாள் என்று. அதே வார்த்தையில் சொல்.

சின்னவள்


ஏப்ரல் 11

அப்பா செவ்வாய்க்கிழமை மாலை போய்விட்டார். உனக்குத் தெரியும். கோப்பில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை ஒரு தடவையும் செவ்வாய் மதியம் ஒரு தடவையும் உன் நிறுவனத்து ஆபீசுக்குப் போன் செய்தேன். சுத்த அறைக்குள் இருக்கிறாய், வெளியே வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். திங்கட்கிழமை நீ கூப்பிடவில்லை. செவ்வாய் ஆறு மணிக்குக் கூப்பிட்டாய். சொன்னேன். பிறகு, "நாளைக்கு மீடியம் மாத்தற நாள்க்கா" என்றாய். போனை நான் வைக்கவில்லை. நீதான் வைத்தாய்.

புதன்கிழமை மதியம் எடுத்தாகிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். பரீட்சை என்றேன். இந்த வயதில் என்ன பரீட்சை என்று ஒருவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொடங்கி ஏழு தடவை, "சின்னவ வந்துட்டாளா?" என்று அப்பா கேட்டார். கடைசியாகக் கேட்டது செவ்வாய் மாலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான். மணி நாலு பத்து.

பதிமூன்றாம் தேதி வருவதாக எழுதியிருந்தாய். வர வேண்டாம். பிடிப்பதற்கு இப்போது இங்கே பக்கம் எதுவும் இல்லை.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

உன் கடிதம் பதிமூன்றாம் தேதி காலைதான் கைக்கு வந்தது. பெட்டியைக் கட்டி முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். செருப்பைக் கழற்றிவிட்டேன். எனக்குச் சாதகமான உத்தரவு என்றால் உடனே கீழ்ப்படிந்துவிடுவேன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை என்ன செய்தேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் ஒன்பது மணிக்கு உள்ளே போனேன். கையுறை, ஆல்கஹால், எல்லாம். அன்றைய எண்ணிக்கை அறுபத்திரண்டு. மதியம் சாப்பிட்டேன். மாலையில் ஆபீஸ் பெண் ஒரு சீட்டை நீட்டினாள். உனக்குப் போன் செய்தேன். அப்புறம் அறைக்கு வந்து துணி துவைத்தேன். தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை, நீங்கள் அப்பாவை எடுத்த நேரத்தில், நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தேன். எல்லாம் கலங்கித் தெரிந்தது. சரி, அழுகை வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் காய்ந்து கிடக்கிறது. லென்ஸில்தான் யாருடைய கை எண்ணெயோ பட்டிருந்தது. லென்ஸ் துடைக்கிற தாளால் துடைத்தேன். அறுபத்து நான்கு எண்ணி எழுதினேன்.

குதிரைவாலிடம் மட்டும் சொன்னேன், அதுவும் வியாழக்கிழமைதான். அவள்தான் அழுதாள். அவள் முகக் கவசம் நனைந்துவிட்டது, மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன்.

பன்னிரண்டாம் தேதி இருபத்தொன்றாவது எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முடித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைத் தொடங்கிய இடத்திலிருந்து கடைசி வரைக்கும் போயிருக்கிறேன். உடம்பில் ஏதாவது மாறும் என்று நினைத்தேன். கட்டைவிரல் மாதிரி எல்லா இடமும் இருக்கிறது.

உன் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் இல்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும், வரவில்லை. அதை இந்த அறையில் வைத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். அலமாரியில் வைத்தால் அலமாரியில் இருக்கிறது, பெட்டியில் வைத்தால் பெட்டியில் இருக்கிறது. ஏழு தடவை, ஏழு தடவை என்று பைப்பெட்டை அமுக்கும்போது மனசு அதைத்தான் எண்ணுகிறது. நிஜமாகவே எண்ணினாயா அக்கா? படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று, இரண்டு என்று? நீ எண்ணியிருப்பாய். நீ எண்ணக்கூடியவள்தான்.

உன் கோப்பிலேயே இருக்கட்டும்.

சின்னவள்


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

நீ பதில் போடவில்லை, போட வேண்டியதும் இல்லை. இது ஒரு திருத்தம், அதனால் அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை மைனஸ் எண்பது எங்கள் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தாள். பன்னிரண்டு குடுவையையும் மேஜையில் வரிசையாக வைத்திருந்தாள். பதினொன்று மஞ்சளாக, கலங்கலாக. ஒன்று மட்டும் ரோஜாவாக. அது எவ்வளவு அழகாக இருந்தது என்று உனக்கு நான் எப்படிச் சொல்வேன்.

"ஒவ்வொரு வருஷமும் ஒருத்தருக்கு வெறும் மீடியம் மட்டும் கொடுப்பேன்" என்றாள். "செல் போடாம. மத்த குடுவை கெட்டுப்போனா தப்பு மீடியத்துலயா, கையிலயான்னு இதை வெச்சுத்தான் கண்டுபிடிக்க முடியும். அதைவிட முக்கியம், ஒண்ணும் இல்லாததைப் பார்த்து ஒண்ணும் இல்லைன்னு எழுதறாங்களான்னு தெரியணும்." அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஒன்பதாம் எண்."

அதில் எதுவுமே இருந்ததில்லை அக்கா. முதல் நாளிலிருந்து. செல் தின்று கழிவு விட்டால்தான் மீடியம் மஞ்சளாகும். தின்ன ஆளில்லை, அதனால் ரோஜா. கை சுத்தம்மா, கை சுத்தம்.

வகுப்பு சிரிக்கும் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அப்பா போனதைக் குதிரைவால் அவர்களிடம் சொல்லியிருக்கிறாள் போல. கண்ணிமைக்குச் சிரித்த மாதிரி இதற்கும் சிரித்திருந்தால் நானும் சேர்ந்துகொண்டிருப்பேன்.

மைனஸ் எண்பது என்னைத் தனியே கூப்பிட்டாள். அறுபத்திரண்டு என்று எழுதிய பக்கத்தைக் காட்டி, "எதை எண்ணினீங்க?" என்றாள். திட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தூசி இருந்தது, சாயத் துணுக்கு இருந்தது, காற்றுக் குமிழி இருந்தது என்றேன். "அதெல்லாம் சேர்த்தாலும் இருபது வராதே?" மீதி, நேற்றைக்கு இத்தனை என்றால் இன்றைக்குக் கொஞ்சம் கூடத்தானே இருக்கணும் என்று எழுதினது. அடுத்தவள் நோட்டை நான் எட்டிப் பார்க்கவில்லை அக்கா, அந்தப் பொய் மட்டும் கலப்படமில்லாத என் சொந்தச் சரக்கு.

அப்புறம் எங்கள் பேச்சு இப்படிப் போனது. மறக்காமல் இருக்கும்போதே எழுதுகிறேன்.

"உங்க அப்பா தவறின விஷயம் எனக்கு நேத்துத்தான் தெரியும்" என்றாள். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஒரு நாள் விட்டாலும் அடுத்த வருஷம்னு சொன்னாங்க மேடம்."

"யாரு சொன்னா? நோட்டு அட்டையில உள்பக்கம் ஒட்டியிருக்கே. வீட்டுல துக்கம்னா ஒரு வாரம். குடுவையை நான் பார்த்துப்பேன். அதுக்குத்தானே நான் இருக்கேன்."

"படிக்கல மேடம்" என்றேன்.

உனக்கு நான் எழுத உட்கார்ந்ததே இந்தத் திருத்தத்துக்குத்தான். படித்தேன். முதல் நாளே படித்தேன். திங்கட்கிழமை காலை நீ ஆபீசுக்குப் போன் செய்தபோது அந்தச் சீட்டும் எனக்கு வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்தது. அட்டையைத் திறந்து அந்த வரியை மறுபடி ஒரு தடவை பார்த்தேன். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தது. அதனால்தான் கேட்கவில்லை. எதை முடிச்சிருக்கா என்று சொன்ன வாய்க்கு முன்னால், கையில் ஒன்றும் இல்லாமல் போய் நிற்க என்னால் முடியவில்லை. முடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நினைத்தேன். இன்னும் ஆறு நாள் அவர் தாங்குவார் என்று எண்ணினேன். அதையும் அப்படித்தான் எண்ணியிருக்கிறேன், நேற்றைக்கு இத்தனை என்றால் இன்றைக்கு இத்தனை என்று.

வெறும் மீடியத்தை மாற்ற வேண்டிய அவசியமே இல்லையாம். குடுவைகளை வைக்கிற கதகதப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறந்துபோயிருந்தாலும் இருபத்தொரு நாளும் அப்படியேதான் இருந்திருக்குமாம். இதை அவள் சொல்லவில்லை. குதிரைவாலிடம் நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நேற்று முழுக்க லேபில் உட்கார்ந்து இருபத்தொரு எண்ணிக்கையையும் அடித்தேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரே கோடு. பக்கத்தில் பூஜ்யம், தேதி, கையெழுத்து. ஏப்ரல் ஏழாம் தேதி அறுபத்திரண்டு, கோடு, பூஜ்யம். மைனஸ் எண்பது பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்திலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். டம்ளர் சுட்டது, லேசாக.

என்னைத் துரத்தவில்லை. மே நான்காம் தேதி புதுக் குடுவை தருகிறாளாம், மறுபடி இருபத்தொரு நாள். இந்தத் தடவை உள்ளே இருக்குமா என்று கேட்டேன். "பார்த்துச் சொல்லுங்க" என்றாள். வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. பெட்டி இன்னும் கட்டியபடியேதான் இருக்கிறது. விட்டுவிட்டு வா என்றாலும் வந்துவிடுவேன், இரு என்றாலும் இருந்துவிடுவேன். எனக்கு எதிலும் ஒன்றும் தோன்றவில்லை. பாதியில் விடுவதில் அனுபவம் இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சின்னவள்


மே 1

சின்னவளுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. இரண்டையும் கோப்பில் போட்டாகிவிட்டது.

அப்பாவின் கட்டிலைக் கழற்றிப் பின் அறையில் சாய்த்து வைத்திருக்கிறேன். மாடியில் இரண்டாவது கொடியை அவிழ்த்துவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்னமும் விழிப்பு வருகிறது. எழுந்து உட்கார்ந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

நீ திருப்பி அனுப்பிய என் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை எழுதும்போது ஒரு கை எழுதியது, இன்னொரு கை அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்தில் வராத பிள்ளைக்கு வந்ததாக நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. தலைமையாசிரியர் கேட்டும் போட்டதில்லை. அதனால் உங்கள் விதிப்படி திருத்தியிருக்கிறேன். ஒரே கோடு, கீழே வாசிக்கலாம். தேதியும் கையெழுத்தும் இருக்கின்றன. சாட்சிக்கு இங்கே யாரும் இல்லை.

மே நான்காம் தேதி குடுவையை வாங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று நடுவில் கிளம்பிவிடாதே, உள்ளே ஏதாவது இருந்தால் அதற்குச் சாப்பாடு போட வேண்டியிருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார். இடித்தால் இடிக்கட்டும். முடிந்ததும் வா.

திருத்தங்களை இங்கேயும் எழுதுகிறேன், கோடு சரியாகத் தெரியாவிட்டால் உதவும்.

'ஏழு தடவை கேட்டார்' என்பதை அடித்திருக்கிறேன். சனிக்கிழமை இரவுக்குப் பிறகு அப்பா கண் திறக்கவில்லை, பேசவில்லை. உன்னையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை.

'பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்' என்பதையும் 'வாசல் பக்கம் பார்த்தார்' என்பதையும் அடித்திருக்கிறேன்.

நாலு பத்து என்பதை அடிக்கவில்லை. அது சரிதான். காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு நான் மாடியிலிருந்து இறங்கி வந்த நேரம்.

அக்கா